முளை ஏன் சாய்ந்தது?

(எமது சங்கத்தின் அறிவுரை வட்டத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்துருவம்)

 

தாவரங்களின் வளர்ச்சி பற்றிப் பேசுமாறு செயலாளர் தம்பி என்னைக் கேட்டபோது, இப்பொருள் இந்த மேடைக்கு ஏற்றதுதானா எனச் சற்றுத் தயங்கினேன். ஆயினும் சென்ற நவராத்திரியில் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் அத்தயக்கத்தைப் போக்கிவிட்டது.

கும்பம் வைத்த அன்று வழக்கம்போல அதனைச் சுற்றி மண் பரப்பி நவதானியம் விதைத்தோம். ஐந்தாம் நாள் முளைகள் விரலளவு எழுந்தன. எங்கள் சாமியறைக்கு ஒரே ஒரு யன்னல். அம்பாள் படத்துக்கு நேர் எதிரே அது இருக்கிறது. முளைகள் யாவும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கக் கண்ட என் மனைவி, “பாருங்கோ, எல்லாம் அம்பாளைக் கும்பிடுகுதுகள்” என்றார். அருகில் நின்ற ஏழு வயதுப் பேத்தி உற்றுப் பார்த்துவிட்டு, “இல்லை அம்மம்மா, அம்பாள் இந்தப் பக்கம் எல்லோ இருக்கிறா! முளை யன்னலைப் பார்த்து எல்லோ சாயுது. அம்பாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குது” என்றாள்.

வீட்டில் சிலர் சிரித்தார்கள். சிலர், “சாமியறையில் அப்படிக் கதைக்கக் கூடாது” என்று அதட்டினார்கள். நான் பிள்ளையின் பக்கம் நின்றேன். அவள் நிந்தனை எதுவும் செய்யவில்லை. கண்டதைக் கண்டபடி சொன்னாள். விளக்கும் அங்கே எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்படியிருக்க முளை ஏன் விளக்கை விட்டு யன்னலை நாடியது? அவளுக்கு நான் சொல்லத் தொடங்கிய விடையே இன்றைய என் பேச்சு.

இந்தக் கேள்வியை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சாள்சு டார்வின். உயிர்களின் கூர்ப்புப் பற்றி எழுதிய அதே டார்வின், தம் முதிய வயதில் மகன் பிரான்சிசின் உதவியுடன் தாவரங்களின் அசைவுகளை ஆராய்ந்து 1880 இல் ஒரு பெரு நூல் வெளியிட்டார். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒருவகைப் புல்லின் முளை. புல்லினத்தில் இளங்குருத்தை மூடிக்கொண்டு ஓர் உறை மேலெழும். நெல் முளையிலும் இவ்வுறையை நீங்கள் காணலாம். அவ்வுறையின் நுனிக்கு ஒளி புகாத சிறு தொப்பி அணிவித்தால் முளை வளைவதில்லை. நுனியைத் திறந்து விட்டு அடிப்பகுதியை மட்டும் மறைத்தாலோ, முளை வழக்கம்போல வளைகின்றது. ஆகவே ஒளியை அறிவது நுனி. வளைவது அதன் கீழுள்ள பகுதி. நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்குகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு.

அச்செய்தி யாது? தென்மார்க்கைச் சேர்ந்த பொய்சன் யென்சன் 1910 ஆம் ஆண்டு முதலான சில ஆண்டுகளில், நுனியை வெட்டி இடையே செலற்றின் துண்டொன்றை வைத்தார். செய்தி அதனூடு சென்றது. மைக்காத் தகட்டைச் செருகியபோது அது தடைப்பட்டது. எனவே செய்தி நீரில் கரைந்து பரவும் ஒரு பொருள் என்பது தெளிவாயிற்று. ஒல்லாந்து நாட்டின் உத்திரெக்ட் நகரில் பிரிற்சு வென்ற் என்ற இளைஞர் 1926 இல் அப்பொருளை முளையிலிருந்து பிரித்துக் காட்டினார். பகலில் இராணுவ சேவை, இரவில் ஆய்வு என்றிருந்த காலம் அவருக்கு அது. ஓற்சு முளைகளின் நுனிகளை வெட்டி ஏகார்த் துண்டின்மேல் சிறிது நேரம் வைத்தார். பின்னர் நுனிகளை எறிந்துவிட்டு, அந்த ஏகாரை நுனியற்ற முளையின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தார். இருட்டிலேயே முளை மறுபக்கமாக வளைந்தது. பொருள் கூடக்கூட, ஓர் எல்லை வரை, வளைவின் கோணமும் கூடியது. அப்பொருளே ஒட்சின் எனப் பெயர் பெற்ற வளர்ச்சி ஓமோன்.

இவ்விடத்தில் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 1930களின் தொடக்கத்தில் ‘ஒட்சின் ஏ’, ‘ஒட்சின் பி’ என இரு பொருட்கள் கண்டுபிடிக்கப்பட்டனவாக அறிவிக்கப்பட்டன. பாடநூல்களிலும் அவை ஏறின. ஆனால் வேறெவராலும் அவற்றை மீண்டும் பெற முடியவில்லை. 1966 இல் எஞ்சியிருந்த மாதிரிகளைச் சோதித்தபோது அவை முற்றிலும் வேறு பொருட்கள் எனத் தெரியவந்தது. அவற்றைத் தொடர்ந்து 1934 இல் மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்தோல் அசற்றிக்கமிலமோ எங்கும், எவர் சோதித்தாலும், தன் இயல்பைக் காட்டியது. அதுவே தாவரத்தின் தலையாய ஒட்சின் என இன்றும் நிலைத்து நிற்கின்றது. அச்சில் வந்தது என்பதால் ஒன்று மெய்யாகிவிடாது. மீண்டும் மீண்டும் சோதிக்க நிற்பதே மெய்.

பெரியோர்களே, ஒட்சின் கிடைத்துவிட்டது. ஆனால் அது எவ்வாறு முளையை நீட்டுகின்றது என்னும் கேள்வி மேலும் 40 ஆண்டுகள் விடையின்றிக் கிடந்தது. அதை விளங்கிக்கொள்ளத் தாவரக் கலத்தினுள் நாம் சிறிது நுழைய வேண்டும்.

தாவரக் கலம் என்பது சுவர் எழுப்பிய ஒரு சிறு வீடு. சுவர் செலுலோசு நார்களாலானது. சுவரின் உட்புறம் ஒட்டியபடி மென்சவ்வு. அதனுள்ளே குழியவுருவும், நீரால் நிறைந்த பெரிய புன்வெற்றிடமும். உள்ளே கரைந்துள்ள உப்புக்களும் வெல்லங்களும் நீரை இழுப்பதால் கலம் வீங்கிச் சுவரை நெருக்கும். இவ்வமுக்கம் சாதாரணமாக 3 முதல் 10 வளிமண்டலம் வரை இருக்கும். மோட்டார் வண்டியின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அமுக்கம் ஏறத்தாழ 2 வளிமண்டலமே என்பதை நினைத்துப் பாருங்கள். கலம் பெருக்க வேண்டிய விசை எப்பொழுதும் ஆயத்தமாகவே உள்ளது. அதைத் தடுத்து நிற்பது சுவர். எனவே வளர்ச்சி என்பது, அமுக்கத்துக்கு இடங்கொடுக்கும் அளவுக்குச் சுவரை அளவோடு தளர்த்துவதாகும். தளர்த்துபவர் யார்?

இங்கேதான் புரோத்தன் வருகின்றது. ஐதரசன் அணு தன் ஒரே இலத்திரனை இழந்தபின் எஞ்சி நிற்பது புரோத்தன். எலுமிச்சம்புளியின் புளிப்புக்கும் பழஞ்சோற்றுத் தண்ணீரின் புளிப்புக்கும் அதுவே காரணம். தாவரக் கலத்தின் மென்சவ்வில், உள்ளிருந்து வெளியே புரோத்தன்களை ஓயாது இறைக்கும் புரத எந்திரங்கள் பதிந்துள்ளன. கலத்தின் எரிபொருளான ஏ.ரி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு ஒரு புரோத்தனை அவை வெளியேற்றுகின்றன. நமது உடற்கலங்கள் இவ்வாறு இறைப்பது சோடியத்தை. அப்பம்பியை 1957 இல் கண்ட தென்மார்க்கு அறிஞர் சென்ஸ் ஸ்கூவுக்கு 1997 இல் நோபல் பரிசு கிடைத்தது. தாவரங்களும் பங்கசுக்களும் தேர்ந்துகொண்டது புரோத்தனை.

இவ்வளவு ஏ.ரி.பி.யைச் செலவிட்டு ஏன் இறைக்க வேண்டும்? நம் நாட்டுத் தோட்டக்காரருக்கு இதை விளக்குவது எளிது. முன்னாளில் துலா மிதித்துக் கிணற்று நீரை மேட்டிலுள்ள தொட்டிக்கு ஏற்றினோம். ஏற்றுவதுதான் பாடு, ஏற்றியபின் நீர் தானாகவே வாய்க்கால் வழி ஓடி, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பாய்ந்தது. கலமும் அவ்வாறே. வெளியே ஏற்றப்பட்ட புரோத்தன் திரும்ப உள்ளே ஓடிவர முயல்கின்றது. அது வரும் வழிகளில் சிறு வாயில்களை வைத்து, வரும் புரோத்தனோடு சேர்த்து நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் வெல்லத்தையும் கலம் உள்ளே இழுத்துக்கொள்கின்றது. உயிர்ச்சவ்வுகளில் புரோத்தன் ஏற்றமே சத்தியின் சேமிப்பு என்ற கருத்தை 1961 இல் வெளியிட்டவர் ஆங்கில அறிஞர் பீற்றர் மிச்செல். பல ஆண்டுகள் எவரும் அதை எளிதில் ஏற்கவில்லை. 1978 இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அளவு எவ்வளவு? அமிலத்தன்மையை அளக்கும் பீ.எச். அளவையில் ஓர் எண் குறைந்தால் புரோத்தன் செறிவு பத்து மடங்கு கூடும். கலத்தினுள்ளே பீ.எச். ஏறத்தாழ 7.5, வெளியே சுவரில் 5.5 அளவு. அதாவது வெளியே நூறு மடங்கு. அன்றியும் நேரேற்றம் கொண்ட புரோத்தன் வெளியேறுவதால் கலத்தின் உட்புறம் 120 முதல் 200 மில்லிவோற்று வரை எதிரேற்றம் பெறுகின்றது. ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கிலும் மெல்லிய சவ்வின் இரு பக்கத்தில் இத்தனை மின்னழுத்தம்! வீட்டு மூலையில் நிற்கும் துளசியின் ஒவ்வோர் உயிர்க்கலமும் ஒரு சிறு மின்கலம் என்றால் அது மிகையன்று. தாவரங்களின் மின் துலங்கல்களை நுண்மையாக அளந்தவரும், வளர்ச்சியைப் பெருக்கிக் காட்டும் கருவி செய்தவருமான சகதீச சந்திர போசு 1917 இல் கல்கத்தாவில் தமது ஆய்வு நிலையத்தை நிறுவினார் என்பதையும் இங்கு நினைவுகூர்வோம்.

இனிச் சுவருக்கு வருவோம். 1970, 1971 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் றேல், கிளீலண்ட் என்போரும், செருமனியில் ஹாகரும் அவர் துணைவரும் தனித்தனியே ஒரே முடிவை அடைந்தனர். ஒட்சின் கலத்தைத் தூண்டிப் புரோத்தனை வெளியேற்றச் செய்கின்றது, சுவர் புளிக்கின்றது, புளித்த சுவர் தளர்கின்றது, உள்ளமுக்கம் கலத்தை நீட்டுகின்றது. இதுவே அமில வளர்ச்சிக் கொள்கை எனப்படும்.

ஒரு கொள்கை அழகாயிருப்பது போதாது. அதற்குச் சோதனைகள் வேண்டும். முளைத் துண்டுகளை ஒட்சின் இன்றி வெறும் அமிலக் கரைசலில் இட்டால், அவை சில நிமிடங்களிலேயே நீள்கின்றன. சுவரினுள் நடுநிலைக் கரைசலைப் புகுத்திப் புளிப்பை அழித்துவிட்டால், ஒட்சின் இருந்தும் வளர்ச்சி தடைப்படுகின்றது. மூன்றாவது சான்றை ஒரு நோய் தந்தது. வாதுமை, பீச்சு மரங்களை வாடச் செய்யும் பங்கசு ஒன்று பியூசிக்கொக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றது. அந்நஞ்சு புரோத்தன் பம்பியைத் திறந்தபடியே பூட்டி வைக்கும். இலைவாயின் காவற்கலங்களில் பம்பி ஓயாது இயங்க, பொற்றாசியமும் நீரும் உட்புகுந்து இலைவாய்கள் மூடாது திறந்தே நிற்க, மரம் நீரிழந்து வாடுகின்றது. அதே நஞ்சை முளைத் துண்டுக்கு இட்டாலோ, ஒட்சின் இன்றியே அது விரைந்து நீள்கின்றது!

எனினும் 1985 இல் செருமனியிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. சோள முளையில் ஒட்சின் உண்டாக்கும் புளிப்பு, அத்தனை நீட்சிக்குப் போதாது என இரு ஆய்வாளர் வாதிட்டனர். இவ்வாதம் பல ஆண்டுகள் நீண்டது. இதனால் நன்மையே விளைந்தது. புளிப்பு நேரே சுவரைக் கரைப்பதில்லை, இடையில் ஒரு வேலையாள் இருக்கவேண்டும் என்பது நெடுங்காலச் சந்தேகம். கொன்ற சுவரும் அமிலத்தில் நீளும். ஆனால் கொதிக்க வைத்த சுவர் நீளாது. கொதிப்பில் கெடுவது புரதம் அன்றோ! 1992 இல் அமெரிக்காவில் கொஸ்குரோவின் குழுவினர் வெள்ளரி நாற்றின் சுவரிலிருந்து அப்புரதத்தைப் பிரித்தெடுத்தனர். எக்ஸ்பான்சின் என்பது அதன் பெயர். அது நார்களை வெட்டுவதில்லை. நார்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த பசைக்கும் இடையிலுள்ள பிடிப்பை நெகிழ்த்தி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவிடுகின்றது. புளிப்பில்தான் அது வேலை செய்யும்.

ஒட்சின் பம்பியை எவ்வாறு தூண்டுகின்றது என்பது எம் காலத்தில் விளங்கிய செய்தி. 2005 இல் ஒட்சினை உணரும் புரதம் ஒன்று கலத்தின் கருவினுள் அடையாளங் காணப்பட்டது. ஒட்சின் அதனோடு சேர்ந்ததும், வளர்ச்சிப் பரம்பரையலகுகளை அடக்கி வைத்திருந்த காவலர் புரதங்கள் அழிக்கப்படுகின்றன. அப்போது புதிதாகத் தோன்றும் சிறு புரதங்கள் பம்பிக்கு உதவுகின்றன. பம்பியின் வாலே அதன் பூட்டு. வாலின் நுனியில் ஒரு பொசுபேற்று ஒட்டினால் பூட்டுத் திறக்கும். அந்தப் பொசுபேற்றைக் கழற்ற வரும் நொதியத்தை இச்சிறு புரதங்கள் தடுத்து நிறுத்துவதை 2014 இல் காட்டினர். 2021 இல், மென்சவ்விலேயே நின்று பம்பியை நேரடியாகத் தூண்டும் விரைவு வழி ஒன்றும் உண்டெனக் கண்டனர். வேரில் கதை மாறுகின்றது. அங்கே ஒட்சின் கூடினால் புரோத்தன் சுவரிலிருந்து உட்புகுந்து, ஒரு நிமிடத்துக்குள்ளேயே வளர்ச்சி தணிகின்றது. கிடையாகக் கிடக்கும் வேரின் கீழ்ப்பக்கத்தில் ஒட்சின் சேர, அப்பக்கம் தணிந்து மேற்பக்கம் நீள்வதால் வேர் நிலத்தை நோக்கி வளைகின்றது. ஒரே ஓமோன் தண்டுக்கு முடுக்கியாகவும் வேருக்குக் கடிவாளமாகவும் அமைகின்றது.

இப்பொழுது பேத்தியின் கேள்விக்கு விடை கூறலாம். முளையின் நுனியிலுள்ள ஒளியுணர் புரதங்கள் நீல ஒளியையே முதன்மையாக அறிகின்றன. யன்னல் வழி வரும் பகலொளியில் நீலம் நிறைய உண்டு. எண்ணெய் விளக்கின் மஞ்சட் சுடரில் அது மிகக் குறைவு. ஒரு பக்கம் நீல ஒளி பட்டதும் ஒட்சின் மறுபக்கத்துக்கு, அதாவது நிழற்பக்கத்துக்கு, நகர்கின்றது. நிழற்பக்கத்துச் சுவர்கள் புளித்துத் தளர்ந்து நீள்கின்றன. ஒரு பக்கம் நீள, மறுபக்கம் நீளாதிருக்க, முளை ஒளியை நோக்கிச் சாய்கின்றது. முளையை ஒளி இழுக்கவில்லை. நிழல் தள்ளுகின்றது எனலாம்.

இளைஞர்களே, இது பள்ளிக்கூடப் பாடம் மட்டுமன்று. நம் தோட்டங்களின் வாழ்வோடு ஒட்டியது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது. இரும்பு போதாத பயிர் தன் வேர்களால் கூடுதலாகப் புரோத்தனை மண்ணில் விட்டு அதைக் கரைக்கப் பாடுபடும். சுண்ணாம்போ அப்புளிப்பை முறித்துவிடும். அப்போது இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, இடையே வெளிறி நிற்கும். இதனைப் பசி என்றெண்ணி யூரியாவை மேலும் மேலும் கொட்டுவதில் பயனில்லை. நம் முன்னோர் பூவரசங்குழையும் எருவும் தாழ்த்தினர். அவை உக்கும்போது எழும் சேதன அமிலங்கள் இரும்பைக் கரைசலில் பிடித்துவைக்க உதவுகின்றன. பழையது என்பதற்காக அன்று, காரணம் இருப்பதால் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வோம்.

அடுத்தது உவர். சுண்ணக்கல்லினுள் தேங்கிய மழைநீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் மேலேறும். அந்நீரைப் பாய்ச்சினால், புகுந்த சோடியத்தை வெளியே தள்ளப் பயிர் தன் புரோத்தன் சேமிப்பையே செலவிட வேண்டும். வளர்ச்சிக்கும் காய்ப்புக்கும் வேண்டிய சத்தி, உப்பை இறைப்பதிலேயே கழிந்துவிடும். நாம் கிணற்றில் மிஞ்சி இறைத்தால், பயிர் தன் கலங்களில் மிஞ்சி இறைத்து மெலிகின்றது.

மூன்றாவது களைநாசினி. நெல்வயலில் அகன்ற இலைக் களைகளை அழிக்கும் 2,4-டி, எம்.சி.பி.ஏ. என்பன செயற்கை ஒட்சின்களே. 1940களில் உருவாகிய இவற்றைக் களைகள் எளிதில் சிதைக்க முடியாமையால், வளர்ச்சி ஒழுங்கழிந்து முறுகி மடிகின்றன. வளர்க்கும் பொருளே அளவு மீறக் கொல்லும் பொருளாகின்றது. காற்றில் பறந்த சிறு துளியும் அயலிலுள்ள தக்காளியையும் முந்திரிகைக் கொடியையும் முறுகச் செய்யும். காற்று வீசும் வேளையில் மருந்தடிப்பவர் அயலவன் பந்தலையும் எண்ணிப் பார்ப்பது கடமை.

இறுதியாக ஒன்று. இத்தகைய பேச்சுக்களின் முடிவில், “இவையெல்லாம் எம் முன்னோர் அன்றே அறிந்தவை” என்று ஒருவர் எழுந்து சொல்வது வழக்கம். தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்து, தொட்டால் உணரும் அறிவை அவற்றுக்கு வழங்கியது. கண்கொண்டு நோக்கிக் கண்ட அந்த உண்மைக்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் அங்கே புரோத்தனைத் தேடுவது முன்னோருக்குச் செய்யும் மரியாதையன்று. அவர்கள் நோக்கியதுபோல நாமும் நோக்குவதே மரியாதை. வினாவெழுப்பிய பிள்ளையை அதட்டி அடக்கும் வீட்டில் அந்த நோக்கு வளராது. பக்திக்கும் இதனால் குறைவில்லை. கண்டதை மறைத்துப் பேணவேண்டிய நிலையில் நம் சமயம் இல்லை.

அன்று கும்பத்தை அசைக்கக் கூடாது என்பதால், பேத்திக்கு இரண்டு சிரட்டைகளில் மண் நிரப்பிப் பயறு விதைத்துக் கொடுத்தேன். ஒன்றை அப்படியே விட்டாள். மற்றதை நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பி வைத்தாள். முதற் சிரட்டை முளைகள் யன்னலை நோக்கிச் சாய்ந்தன. மற்றவை நிமிர்ந்தே நின்றன. விசயதசமி அன்று இரண்டையும் கொண்டுபோய் அம்மம்மாவுக்குக் காட்டினாள். என் மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி பிள்ளை, நீ சொன்னதுதான் சரி” என்று சொல்லி, இரண்டு சிரட்டைகளையும் அம்பாள் படத்தடியில் வைத்தார்.

அச்சிரட்டைச் சோதனைக்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு பிடி பயறும் ஒரு கிழமைப் பொறுமையும் போதும். இங்குள்ள ஒவ்வோர் இளைஞரும் தம் வீட்டுச் சிறுவரோடு அதனைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன்.